ஞானபாய் டீச்சர் நிறுத்திய இடம்

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் டீச்சரின் கவர் வரும். தபாலில் போட்டால் ஒரு நாள் பிந்துகிறது என்று அவரே செய்துகொண்ட ஏற்பாடு அது. நாகர்கோவிலிலிருந்து வரும் அந்த பஸ்ஸின் கண்டக்டர் ராசையன் அதை வானொலி நிலையத்து வாசல் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார். இந்த வாரம் ராசையன் மாடியேறி என் மேஜைக்கே வந்தார். கவரை வைத்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர் போயிட்டாவ சார். நேத்து பகல்ல. மூணு நாளா காய்ச்சலு."

"இந்தக் கவர்?"

"காய்ச்சலோட கெடந்து எழுதி வச்சிருக்காவ. டீச்சருக்க தங்கச்சிதான் இண்ணைக்கிக் காலத்த பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து தந்துது. சார் கையில குடுக்காம இருக்கப்பிடாதுன்னுட்டு."

நான் அழவில்லை. கவரைப் பிரித்தேன். சிவப்புப் பென்சிலை எடுத்தேன். கடிகாரத்தைப் பார்த்தபடி வாய்க்குள் படித்து நேரம் கணக்கிட்டேன். பத்து நிமிடத்துக்கு இருபது விநாடி குறைவு. எப்போதும் அப்படித்தான் எழுதுவார். ராசையன் நின்றுகொண்டே இருந்தார். அடக்கம் எப்போது என்று கேட்க வேண்டும் என்பது அதற்கப்புறம்தான் தோன்றியது. மூன்று மணிக்கு என்றார். அவர் பஸ்ஸிலேயே ஏறிப் போனேன்.

இதை எழுதுவது புதன்கிழமை. பல் பிடுங்கிய பிறகு கன்னம் மரத்துக் கிடக்குமே, அப்படி இருக்கிறேன். வலி எந்தப் பக்கத்திலிருந்து வரப்போகிறது என்று தெரியவில்லை. டீச்சரைக் குரலாக அறிந்தவர்கள் நம் தாலுகாக்களில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். வாசகசாலை ரேடியோவின் முன் முற்றத்தில் உட்கார்ந்தும், உட்கார அனுமதி இல்லாதவர்கள் மதிலுக்கு வெளியே நின்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் மலையாள நிலையத்தில் தமிழுக்கு அரை மணி நேரம். அதில் வியாழக்கிழமை மாலை பத்து நிமிடம் 'நாட்டு நடப்பு' என்ற பேச்சு. எழுதிப் படிப்பவர் ஞானபாய் டீச்சர். எழுதியதைப் பார்த்து, ஆகாததை வெட்டி, அவர் படிக்கும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் நான். மிஷன் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு பெண்மணி, சர்க்காரைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பேசுவது எனக்கு முதலில் பிடிக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது. நான் நெல்வயல் உள்ள வீட்டில் பிறந்தவன். 'பிள்ளைவாள்' என்று அவர் என்னைக் கூப்பிடுவார். மரியாதைச் சொல்தான். அவர் வாயில் வரும்போது கொஞ்சம் கிள்ளும்.

அவருடைய பேச்சு எல்லாம் ஒரே வாக்கியத்தில் தொடங்கும்: "வணக்கம். நான் பஸ்ஸில் வந்தேன்." பஸ்ஸில் யார் என்ன சொன்னார்கள் என்று ஆரம்பித்து, அதிலிருந்து சட்டசபைக்குப் போவார். முதல் மாதமே ஒரு சண்டை. குத்தகைக்காரர்களை வயலிலிருந்து இறக்கக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டதாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். சர்க்காருக்கும் நல்ல பெயர், எங்களுக்கும் தொந்தரவில்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"உத்தரவு வந்தாச்சுன்னு சொல்லாதீரும் பிள்ளைவாள். எவ்வளவு தூரம் வந்துதுன்னு சொல்லும். தாலுகா ஆபீசு வரைக்கும் வந்துதா, வயல் வரப்பு வரைக்கும் வந்துதா? நான் பாத்த வரைக்கும் அது ஆபீசு பெஞ்சில உக்காந்து காத்து வாங்குதாக்கும்."

அதை அப்படியே எழுதியும் தந்தார். பெஞ்சை வெட்டினேன். வரப்பை விட்டுவைத்தேன்.

முதல் பொதுத் தேர்தல் வந்தது. ஓட்டுச் சாவடியில் திரை உண்டு, திரைக்குப் பின்னால் ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு பெட்டி உண்டு என்று டீச்சர் விளக்கி எழுதியிருந்தார். அடுத்த வரி: "நீங்கள் எந்தப் பெட்டியில் போட்டீர்கள் என்பது உங்கள் பண்ணையாருக்குத் தெரியாது." பண்ணையார் என்ற சொல்லைப் பார்த்ததும் என் பென்சில் தானாக ஓடிவிட்டது. அன்று மாலை டீச்சர் அந்த இடத்துக்கு வந்தார். நிறுத்தினார். ஒரு வரி படிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் மௌனமாக இருந்தார். பிறகு அடுத்த வரியைப் படித்தார்.

வானொலியில் மௌனம் மகா குற்றம். நிலையம் செத்துவிட்டது என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். வெளியே வந்தவரிடம் சத்தம் போட்டேன். அவர் குடையைத் தேடிக்கொண்டே பதில் சொன்னார்: "வெட்டினது நீரு. ஆனா அந்த வரிக்கு உள்ள நேரம் எனக்குத் தந்த நேரம். அதுல நான் மூச்சு விட்டுக்கிடுதேன்."

அன்று முதல் அது வழக்கமாகிவிட்டது. நான் வெட்டுவேன், அவர் நிறுத்துவார். ஊர்களில் உங்களுக்கு அது பழகிவிட்டது. அருமனை வாசகசாலையில் ஒருமுறை நானே நேரில் பார்த்தேன். டீச்சர் நிறுத்தினதும் ஒரு கிழவர் கையைத் தூக்கி எல்லாரையும் அடக்கினார். "வெட்டியாச்சு. என்னவாக்கும் வெட்டினது? சொல்லுங்கடே." பேச்சு முடிந்த பிறகு அந்த ஒரு வரியைப் பற்றி ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. ரப்பர் தோட்டத்துக் கூலி என்றார் ஒருவர். போலீஸ் என்றார் இன்னொருவர். உண்மையில் நான் வெட்டியிருந்தது ஒரு காப்பிக்கடைக்காரரைப் பற்றிய கிண்டல். நான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் காப்பி குடித்துவிட்டு வந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நான் வெட்டியதால்தானே இத்தனை பேர் யோசிக்கிறார்கள் என்று நினைத்தேன். புத்தி போன போக்கைப் பாருங்கள்.

இனி அந்தக் கிணறு.

ஆரல்வாய்மொழிப் பக்கத்து ஊர் ஒன்று. பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். சர்க்கார் பணத்தில் வெட்டிய கிணறு. எல்லாரும் தண்ணீர் எடுக்கலாம் என்று பலகையும் உண்டு. வயலில் நாற்று நடுகிறவர்கள் மட்டும் எடுக்கக் கூடாது. மேற்கே இருந்து வீசும் காற்றில் உதடு வெடித்துக் கிடந்த ஒரு கோடையில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குடத்தோடு போய்விடலாமா என்று அவர்களுக்குள் பேச்சு நடந்தது. டீச்சருக்கு அது தெரியும். தாசில்தாரிடம் நடையாய் நடந்து, திங்கட்கிழமை நானே வந்து கூட நிற்கிறேன் என்ற வாக்கை வாங்கினார். அந்த வாக்கு கிடைத்தது வியாழக்கிழமை மத்தியானம், பேச்சுக்காக இங்கே வர பஸ் ஏறுகிற நேரத்தில். ஊருக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரப் பொழுதில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தபடி பேச்சின் கடைசிப் பக்கத்தில் கையால் ஒரு வரி சேர்த்தார். ஊர்ப் பெயரைச் சொல்லி, "நாளைக்குப் போக வேண்டாம், திங்கட்கிழமை தாசில்தார் வருகிறார், அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து போங்கள்" என்று எழுதியிருந்தார்.

வெட்டினேன். அதிகாரி எங்கே போகிறார் என்பதை எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் சொல்லக் கூடாது. தகராறு உள்ள ஊரின் பெயரைச் சொல்லக் கூடாது. ஒரே வரியில் இரண்டு குற்றமும் இருந்தன. மேலதிகாரி ஊரில் இல்லை. டீச்சர் வாதாடினார். கெஞ்சினார் என்றே சொல்லலாம். அவர் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.

அந்த இடத்துக்கு வந்தார். நிறுத்தினார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். தலையசைப்பேனா என்று காத்திருந்தார். என் கை ஒலியை அடைக்கும் பொத்தானில் இருந்தது. அவர் வாயைத் திறந்தால் அழுத்தியிருப்பேன். அது அவருக்கும் தெரியும். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் நிறுத்தியதிலெல்லாம் நீளமான நிறுத்தம் அதுதான்.

வெளியே வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நான் சொல்லியிருக்கணும். நீரு அடைச்சாலும் பாதி வாக்கு வெளிய போயிருக்கும்."

கடைசி பஸ்ஸைப் பிடித்து ஓடினார். நாகர்கோவிலிலிருந்து அந்த ஊருக்கு விடிந்த பிறகுதான் பஸ். அவர் போய் இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. குடங்கள் உடைந்து கிடந்தன. செல்லம்மை என்ற பெண்ணின் வலது மணிக்கட்டைக் கல்லால் நசுக்கியிருந்தார்கள். நாற்று நடுகிற கை. அது பிறகு சரியாகவே இல்லை.

தாசில்தார் சொன்னபடி திங்கட்கிழமை வந்தார். தண்ணீர் எடுத்தார்கள். ஆனால் கலகம் செய்ததாக செல்லம்மை மேலும் இன்னும் நாலு பேர் மேலும் வழக்குப் பதிவாகியிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்: இவர்களுக்கு ஏது இந்தத் துணிச்சல், ரேடியோவில் அந்த டீச்சர் நிறுத்தினாள், சர்க்கார் சொல்லவிடாததை அவள் சொல்லுகிறாள் என்று புரிந்துகொண்டு கிளம்பிவிட்டார்கள். விசாரணைக்கு வந்தவர் என்னிடமும் கேட்டார். விதிப்படி வெட்டினேன் என்றேன். டீச்சர் கைப்பட எழுதிக் கொடுத்தார்: வரியை வெட்டியது நிலையத்தின் விதி, நிறுத்தியது நான், என் நிறுத்தத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு போனார்கள், அவர்கள்மேல் குற்றமில்லை.

வழக்கு கைவிடப்பட்டது. டீச்சரின் பேச்சு ஆறு மாதம் நிறுத்தப்பட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை நான் தினமும் காலையில் எழுந்ததும் நினைத்துக்கொள்வேன். அந்தக் கையை நசுக்கியது என் பென்சில்தான் என்று நம்பினேன். மூன்று வருடமாக நம்பினேன். சாப்பிட்டேன், தூங்கினேன், சம்பளம் வாங்கினேன், நம்பினேன்.

ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தவர் ஒரு நிபந்தனை போட்டார். "இனி நான் நிறுத்த மாட்டேன். ஆனா வெட்டுகது நீருன்னா, அந்த எடத்துல ஒரு வரி எழுதுகதும் நீராக்கும். காலியா விட்டா படிக்க மாட்டேன்."

முதல் தடவை, கூலியைப் பற்றிய ஒரு வரியை வெட்டிவிட்டு, பருவமழை நன்றாகப் பெய்யும் என்று எதிர்பார்க்கப்படுகிறது என்று எழுதினேன். டீச்சர் படித்துவிட்டு, "கொள்ளாம்" என்றார். நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் பாராட்டு இல்லை, அந்த இழுவையே வேறு. "பிள்ளைவாளுக்கு மழை பெஞ்சா வயல் வெளையும். ரப்பர் பால்வெட்டுகவனுக்கு மழை பெஞ்சா அண்ணைக்கிக் கூலி கெடையாது. தெரியுமா?" தெரியாது. மறு ஞாயிற்றுக்கிழமை குலசேகரத்துக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். ஈர மரத்தடியில் வெறுங்கையோடு நின்ற ஆட்களைக் காட்டினார். பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. மரச்சீனிக் கிழங்கு வாங்கித் தந்து, தின்னும் என்றார்.

அதற்கப்புறம் எழுதப் பழகினேன். வெட்டுவதைவிட எழுதுவது கஷ்டம் என்பதால் வெட்டுவது குறைந்தது. அவரும் நான் எதை வெட்டுவேன் என்று காத்திருக்காமல், ஒவ்வொரு பேச்சிலும் ஒரு வரிக்கு இடம் விட்டு, ஓரத்தில் 'பிள்ளைவாள்' என்று எழுதி அனுப்ப ஆரம்பித்தார். அந்த வரி என்னுடையது. உங்களில் பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் பிடிக்கவில்லை என்று எழுதியும் இருக்கிறார்கள். அருமனையிலிருந்து ஒரு கடுதாசி: "கடைசியில் வந்த ஒரு வரி டீச்சருடையது போல் இல்லை. நல்ல காப்பியில் யாரோ வெள்ளம் சேர்த்தாற்போல் இருக்கிறது." டீச்சர் அதை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். சிரிக்காமல் படித்தார்.

கிணற்றைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தை எங்களுக்குள் நடக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வியாழக்கிழமையும் நினைப்பேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு, "வாறேன் பிள்ளைவாள்" என்று போய்விடுவார்.

திங்கட்கிழமை மூன்று மணி. வேதக்கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். பாட்டுப் பாடினார்கள், பாதிரி ஐயர் ஜெபம் செய்தார், மண் போட்டார்கள். நானும் ஒரு கைப்பிடி போட்டேன். செருப்பில் செம்மண் ஒட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறெதையும் பார்க்க முடியவில்லை. கூட்டம் கலையும்போது வேலியோரம் ஒரு பெண் தனியாக நின்றாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். ஒருபோதும் நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் தெரிந்துவிட்டது.

போய் நின்றேன். மூன்று வருடமாகத் தயார் செய்து வைத்திருந்ததில் ஒன்றும் வரவில்லை. "அன்னைக்கு அந்த வரியை வெட்டினது நான்" என்று மட்டும் சொன்னேன்.

"எந்த வரி?" என்றாள் செல்லம்மை.

சொன்னேன். வெள்ளிக்கிழமை போக வேண்டாம் என்று டீச்சர் எழுதியதை, நான் வெட்டியதை, டீச்சர் நிறுத்தியதை, அந்த நிறுத்தத்தைக் கேட்டு நீங்கள் போனதை.

அவள் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். "அண்ணைக்கி நாங்க ரேடியோவே கேக்கல்ல. பேட்டரிய சார்ஜ் பண்ண நாகர்கோவிலுக்குக் கொண்டு போயிருந்தாவ. சவத்துப் பெட்டி ரெண்டு நாளா வாயத் தொறக்கல்ல."

"அப்படின்னா எதுக்குப் போனீங்க?"

"என்ன கேள்வி பிள்ளைவாள் இது? ரேடியோ கேட்டா வெள்ளம் கோரப் போனோம்? வீட்டுல வெள்ளம் இல்லாம போனோம்."

அவ்வளவுதான். பேட்டரி இல்லை என்பது வாசகசாலைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். விசாரணைக்கு வந்தவர் கேட்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் சொல்லவில்லை. நாற்று நடுகிறவர்கள் தாங்களாகவே ஒரு முடிவு எடுத்தார்கள் என்பதைவிட, ஒருத்தி தூண்டிவிட்டாள் என்பது அவர்களுக்கு வசதி. அவர்களைச் சொல்வானேன். நானும் கேட்கவில்லை. மூன்று வருடம் குற்ற உணர்ச்சியில் வெந்தவன், அந்த ஐந்து பேரும் சுயபுத்தியோடு கிளம்பியிருப்பார்கள் என்று ஒரு நாள்கூட நினைத்ததில்லை. என் பென்சில் இல்லாமல் அவர்கள் அடிபடக்கூட மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

"டீச்சருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அண்ணைக்கே சொல்லியாச்சு. பொறவு கேசு வந்துது இல்லியா? ரேடியோவாலதான் போனோம்னு இருக்கட்டும், வெளிய சொல்லாண்டாம், பழி எனக்க தலையில கெடக்கட்டுன்னாவ. அதுனாலதான் நாங்க செயிலுக்குப் போவல்ல." அவள் குழி மேட்டைப் பார்த்தாள். "கேசு போன பொறவு, பிள்ளைவாள்கிட்ட மட்டும் சொல்லிரட்டான்னு ஒருக்கா கேட்டேன். வேண்டாம் பிள்ளே, அவரு இப்பதான் எழுதத் தொடங்கியிருக்காருன்னாவ."

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. கல்லறைத் தோட்டம் என்றும் பாராமல் சிரித்துவிட்டேன். செல்லம்மையும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போனாள். டீச்சர்மேல் எனக்குக் கோபம் உண்டு. மூன்று வருடம் வேகவிட்டாரே என்ற கோபம். அதைச் சொல்ல ஆள் இல்லை என்பது மட்டும்தான் இப்போதைக்கு உறைக்கிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது திங்கட்கிழமை வந்த அந்தக் கவரைத்தான். இன்னும் சில நாட்களில் நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேருவதைப் பற்றிய பேச்சு அது. "வணக்கம். நான் பஸ்ஸில் வந்தேன்" என்றுதான் தொடங்குகிறது. காய்ச்சலில் எழுத்து சரிந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "இந்த வருடங்களில் மாறியது எல்லாம் மேலேயிருந்து வந்த உத்தரவால் மாறியது என்று நாளைக்கு எழுதிவைப்பார்கள்." அதற்குக் கீழே வெற்றிடம். ஓரத்தில் 'பிள்ளைவாள்'.

திங்கட்கிழமை காலையில் அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது எழுதிவிட்டேன். செல்லம்மை சொன்னதை, "வீட்டுல வெள்ளம் இல்லாம போனோம்" என்று அவள் சொன்ன மாதிரியே. நாளைக்கு நான் படிக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பொத்தானில் கை வைத்துக்கொண்டு வேறொருவர் உட்கார்ந்திருப்பார். அவர் அடைத்தாலும் பாதி வாக்கு வெளியே போயிருக்கும்.